கல்கானில் வில்லா எடுக்கப் போகிறீர்களா? எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் லண்டனில் இருக்கிறோம். துருக்கியின் தென்மேற்குக் கடலோரத்தில் கல்கான் என்று ஒரு சின்ன ஊர். அங்கே மூன்று முறை குடும்பத்தோடு போய் வில்லா எடுத்துத் தங்கியிருக்கிறோம். அடுத்து போகிறவர்கள் எல்லாரும் போன் போட்டுக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

கல்கான் எங்கே இருக்கிறது? அந்தால்யா, போத்ரும் என்று பெரிய சுற்றுலா ஊர்கள் இருக்க ஏன் அந்த ஊர்?

அந்தால்யா மாகாணத்தின் மேற்கு ஓரத்தில், காஷ் வட்டத்தில் இருக்கிறது. பின்னால் தாரஸ் மலை, முன்னால் மத்தியதரைக் கடல், நடுவில் இருக்கிற செங்குத்தான சரிவில் ஊர். பழைய பெயர் கலமாகி. கிரேக்கர்கள் வாழ்ந்த துறைமுகம் இது. 1923இல் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடந்த மக்கள் பரிமாற்றத்தில் அவர்கள் கிளம்பிப் போக வேண்டியதாயிற்று. துறைமுகத்தை ஒட்டி இன்று நிற்கும் பள்ளிவாசல் அவர்களுடைய தேவாலயமாக இருந்த கட்டடம்தான். பழைய ஊர்ச் சந்துகளில் வெள்ளைச் சுவர், மர பால்கனி, அதன் மேல் காகிதப்பூ கொட்டிக் கிடக்கும்.

நீளமான மணல் கடற்கரை ஊருக்குள் இல்லை, சமதரையும் இல்லை. அதனால்தான் ஆயிரம் அறை ஹோட்டல்கள் இங்கே வரவில்லை, சரிவு முழுக்கத் தனித்தனி வீடுகளாகவே எழும்பின. எங்களுக்கு இந்த ஊர் பிடித்துப் போனதற்கு அதுதான் காரணம். இரவு பதினோரு மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்தால் கீழே துறைமுக விளக்குகள், எங்கோ ஒரு ஆட்டு மணிச் சத்தம், அவ்வளவுதான்.

எந்த மாதம் போகலாம்?

சீசன் மே முதல் அக்டோபர் வரை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும், பள்ளி விடுமுறை என்பதால் வாடகையும் உச்சத்தில் இருக்கும், ஒரு வாரத்துக்குக் குறைத்துப் பெரும்பாலும் தர மாட்டார்கள். எங்கள் ஓட்டு செப்டம்பர் கடைசிக்கும் அக்டோபர் தொடக்கத்துக்கும்தான். கடல் கோடை முழுக்கச் சூடேறி இருக்கும், ஊர் மூச்சு விட்டிருக்கும். மே மாதம் மலையெல்லாம் பச்சையாக அழகாக இருக்கும், ஆனால் நீச்சல் குளத்துத் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். சூடாக்கும் வசதி இருந்தால் அதற்குத் தனிக் கட்டணம், முன்கூட்டியே சொல்ல வேண்டும். ரமலான் பெருநாள், பக்ரீத் விடுமுறைகளில் துருக்கிக்காரர்களே குடும்பம் குடும்பமாகக் கடலோரத்துக்கு வருவார்கள், அந்த வாரங்களுக்கு ஆறு மாதம் முன்பே வீடு பிடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் உணவகங்கள் பெரும்பாலும் மூடிவிடும்.

படத்தில் எல்லா வீடும் ஒரே மாதிரி அழகாகத் தெரிகிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

சரிவை வைத்து. இதை நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

முதல் முறை போனபோது படத்தைப் பார்த்து மயங்கி ஊருக்கு மேலே ஒரு வீடு எடுத்தோம். 'துறைமுகத்துக்கு நடந்தால் 15 நிமிடம்' என்று போட்டிருந்தது. இறங்க 15 நிமிடம் சரிதான். ஏறுவதற்கு என் மாமியாருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று, அவருக்கு முழங்கால் வலி, இரண்டாம் நாளிலிருந்து அவர் வீட்டை விட்டு இறங்கவே இல்லை. நாங்கள் கடலில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அவர் தனியாக உட்கார்ந்து கீழே தெரிகிற ஊரையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அதனால் வீட்டுக்காரரிடம் எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள். வீட்டு வாசலிலிருந்து சாலை வரை எத்தனை படி, உள்ளே எத்தனை தளம், தரைத்தளத்தில் படுக்கையறையும் குளியலறையும் உண்டா என்று கேளுங்கள். சரிவில் கட்டிய வீடு என்றால் மூன்று தளம் சாதாரணம்; சமையலறை நடுவில், குளம் கீழே, படுக்கை மேலே என்று இருக்கும். கலாமார் விரிகுடாப் பக்கமும் கிஷ்லா பக்கமும் காட்சி அபாரம், அமைதியும் அதிகம், ஆனால் ஊருக்குள் வர டாக்சியோ காரோ வேண்டும். வயதானவர்கள் கூட வந்தால் பழைய ஊரை ஒட்டியோ, கடைத்தெரு இருக்கிற மட்டத்திலோ எடுங்கள், காட்சி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. அப்புறம் இன்னொன்று, பக்கத்து மனையில் கட்டட வேலை நடக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படம் எடுத்தபோது காலியாக இருந்த மனை நீங்கள் போகும்போதும் காலியாக இருக்கும் என்று நிச்சயமில்லை.

வீட்டுக்கு உரிமம் வேண்டும் என்கிறார்களே, அது என்ன?

2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், எண் 7464. சுற்றுலாவுக்காக 100 நாளோ அதற்குக் குறைவாகவோ வாடகைக்கு விடும் எந்த வீட்டுக்கும் பண்பாட்டு, சுற்றுலா அமைச்சகத்தின் அனுமதி இருக்க வேண்டும், அதற்கான பலகை வாசலில் மாட்டியிருக்க வேண்டும். அடுக்குமாடி என்றால் அந்தக் கட்டடத்தின் எல்லா உரிமையாளர்களும் ஒருமனதாகச் சம்மதித்திருக்க வேண்டும், ஆகவே அடுக்குமாடிக் குடியிருப்பில் அனுமதி கிடைப்பது கஷ்டம். அனுமதி இல்லாமல் விட்டால் வீட்டுக்காரருக்கு ஒரு லட்சம் லிராவிலிருந்து அபராதம் என்று சட்டம் தொடங்கியது.

அபராதம் வீட்டுக்காரருக்குத்தானே, நமக்கென்ன என்று கேட்கலாம். அனுமதி இல்லாத வீட்டை அதிகாரிகள் நிறுத்திவிட்டால் விடுமுறை நடுவில் பெட்டியோடு தெருவில் நிற்பது நாம்தான். இரண்டாவது, அனுமதி வாங்கிய வீடு என்றால் அதன் உரிமையாளர் யார் என்பது அரசு ஏட்டில் இருக்கிறது, ஏதாவது ஆனால் பிடித்துக் கேட்க ஓர் ஆள் உண்டு. எனவே விலை பேசுவதற்கு முன்பே அனுமதி எண்ணையும் வாசல் பலகையின் படத்தையும் கேளுங்கள். ஒழுங்கானவர்கள் உடனே அனுப்பிவிடுவார்கள். 'வந்துகொண்டிருக்கிறது, அதெல்லாம் பிரச்சினை இல்லை' என்று இழுத்தால் வேறு வீடு பாருங்கள்.

முன்பணம் எவ்வளவு? ஏமாற்று வேலை நடக்குமா?

நடக்கும். உண்மையான வில்லாவின் படங்களை எடுத்து ஒரு போலித் தளத்தில் போட்டு, பாதி விலை சொல்லி, முழுப் பணத்தையும் ஒரு தனி ஆளின் கணக்குக்கு அனுப்பச் சொல்வது துருக்கியில் ஒவ்வொரு கோடையும் செய்தியாக வரும் மோசடி. எங்கள் நண்பர் ஒருவர் அப்படி மாட்டியிருக்கிறார். வீடு இருந்தது, ஆனால் வாசலில் வேறு ஒரு குடும்பம் காப்பி குடித்துக்கொண்டிருந்தது, அந்த வீட்டுக்காரருக்கு இவரைத் தெரியவே தெரியாது.

வழக்கமாக 20 முதல் 30 சதவீதம் முன்பணம், மீதி போய்ச் சேரும்போதோ சில வாரம் முன்போ. முழுத் தொகையையும் முதல் நாளே கேட்டால் யோசியுங்கள். ஏஜென்சி வழியாக என்றால் அது துர்சாப் என்கிற துருக்கிப் பயண முகவர் சங்கத்தில் உறுப்பினரா என்று எண்ணைக் கேட்டு அந்தச் சங்கத்தின் தளத்திலேயே சரிபாருங்கள். பணத்தை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டியிருந்தால் கணக்கின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு வீடியோ அழைப்பு போட்டு வீட்டுக்குள் நடந்து காட்டச் சொல்லுங்கள், அதற்குச் சங்கடப்படவே வேண்டாம். இது தவிர சேதத்துக்கான டெபாசிட் தனியாக வாங்குவார்கள். சாவி வாங்கிய உடனே எல்லா அறையையும் போனில் வீடியோ எடுத்து அவர்களுக்கே அனுப்பி வைத்தால் கடைசி நாளில் பேச்சே வராது.

எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்கத்தான் வேண்டும், குழந்தைகளுடையது உட்பட. தங்குகிறவர்கள் விவரத்தைப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிப்பது அங்கே வீட்டுக்காரரின் சட்டக் கடமை. எண்ணும் பெயரும் பதிந்தால் போதும், பாஸ்போர்ட்டையே பிடித்து வைத்துக்கொள்ள விடாதீர்கள்.

விசா?

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா வேண்டாம், 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். இந்தியப் பாஸ்போர்ட் என்றால், செல்லுபடியாகும் பிரிட்டன், அமெரிக்கா, அயர்லாந்து அல்லது ஷெங்கன் நாடுகளின் விசாவோ வதிவிட அனுமதியோ கையில் இருந்தால் மின்விசா எடுக்கலாம்; ஒரு முறை நுழைய, 30 நாள் தங்க. அது இல்லாதவர்கள் விசா மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். துருக்கி அரசின் மின்விசா தளத்தைப் போலவே தோற்றமளித்து இரண்டு மடங்கு பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய, முகவரியின் கடைசியில் அரசுக்குரிய குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

முக்கியமாக ஒன்று. பக்கத்து ஊரான காஷிலிருந்து படகில் 20 நிமிடத்தில் மெய்ஸ் தீவு, அது கிரேக்கத்துக்குச் சொந்தம். பக்கத்தில்தானே என்று ஒருமுறை நுழைவு விசாவில் வந்தவர்கள் அங்கே போய்வர நினைக்க வேண்டாம். ஷெங்கன் விசா வேண்டும் என்பது ஒரு பக்கம், துருக்கியை விட்டு வெளியேறியதும் உங்கள் மின்விசா முடிந்தது, அதை வைத்துத் திரும்பி உள்ளே வர முடியாது.

எந்த விமான நிலையம்?

தலமான். அங்கிருந்து கல்கானுக்குச் சுமார் 120 கிலோமீட்டர், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அந்தால்யாவில் இறங்கினால் மூன்று மணி நேரத்துக்கு மேல், வளைவு வளைவான சாலை, குழந்தைகளுக்கு வாந்தி வரும். லண்டனிலிருந்து கோடையில் தலமானுக்கு நேரடி விமானங்கள் உண்டு, சுமார் நான்கு மணி நேரம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் இஸ்தான்புல் வந்து உள்நாட்டு விமானம் மாறுவது எளிது. இரவில் இறங்கினால் வீட்டுக்காரரிடமே வண்டி ஏற்பாடு செய்யச் சொல்லிவிடுங்கள். இருட்டில் அந்தச் சரிவுத் தெருக்களில் வீட்டைக் கண்டுபிடிப்பது உள்ளூர்க்காரருக்கே வேலை.

கார் எடுக்கணுமா?

ஊருக்குள் வீடு என்றால் வேண்டாம். டோல்முஷ் என்கிற மினிபஸ் காஷுக்கும் ஃபெத்தியேவுக்கும் ஓடுகிறது, கையைக் காட்டினால் நிறுத்துவார்கள். மேட்டு வீடு என்றால் கார் வேண்டும். வண்டி வலது பக்கம் ஓட்ட வேண்டும் என்பது நினைவிருக்கட்டும். தலமானிலிருந்து வரும் வழியில் கோஜெக் சுரங்கப்பாதைக்குச் சுங்கம் உண்டு, அது வாடகைக் காரில் எப்படிக் கட்டப்படுகிறது என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். சின்ன கார் எடுப்பதே நல்லது, பார்க்கிங்கும் தெருவும் குறுகல்.

குளம் தனியாக இருக்குமா? பெண்கள் கூச்சமில்லாமல் இறங்க முடியுமா?

வில்லா என்றால் பெரும்பாலும் தனிக் குளம்தான். ஆனால் சரிவில் கட்டிய ஊர் ஆயிற்றே, மேல் வீட்டு பால்கனியிலிருந்து உங்கள் குளம் அப்படியே தெரியும். இதற்கு அங்கே ஒரு தனி வகையே இருக்கிறது, 'முஹாபசகார் வில்லா' என்பார்கள், கட்டுப்பாடு பார்க்கும் குடும்பங்களுக்கான வில்லா என்று வைத்துக்கொள்ளுங்கள். துருக்கியின் இஸ்லாமியக் குடும்பங்களை நினைத்துக் கட்டியது. குளத்தைச் சுற்றி உயரமான சுவரோ தடுப்போ எழுப்பி வெளியிலிருந்து யாருக்கும் தெரியாதபடி செய்திருப்பார்கள். கல்கானைச் சுற்றியுள்ள இஸ்லாம்லார், உசும்லு கிராமங்களில் இவை நிறைய. மத வித்தியாசம் இல்லாமல் நம் வீட்டுப் பெண்களுக்கு இது பெரிய வரம். என் அம்மா 62 வயதில் முதல் முறையாக நீச்சல் உடையில் தண்ணீரில் இறங்கியது அப்படி ஒரு குளத்தில்தான், ஒரு வாரம் காலையும் மாலையும் அவரைத் தண்ணீரிலிருந்து வெளியே கூப்பிடுவதே எங்கள் வேலையாக இருந்தது.

விளம்பரத்தில் அந்தச் சொல் இருந்தாலும் நம்பிவிடாமல், குளத்துக்குள் நின்று நான்கு திசையிலும் எடுத்த படம் கேளுங்கள். குளத்தைச் சுத்தம் செய்ய ஆள் எந்த நாள், எந்த நேரம் வருவார் என்றும் கேட்டு வையுங்கள், பெரும்பாலும் விடிகாலையில் வந்து போவார்.

குழந்தைகள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நாங்கள் பார்த்த வீடுகள் பலவற்றில் குளத்துக்கு வேலி இல்லை, ஹாலின் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் இரண்டு எட்டில் தண்ணீர். படிக்கட்டுக்குப் பக்கத்தில் கைப்பிடி இல்லாத இடமும் உண்டு. ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் கழற்றி மாட்டும் வேலி போட்டுத் தர முடியுமா என்று கேளுங்கள், முடியாது என்றால் அந்த வீடு வேண்டாம்.

நாமே சமைக்க முடியுமா? சைவர்களுக்குச் சாப்பாடு?

தாராளமாக. வியாழக்கிழமை கல்கானில் சந்தை. தக்காளி, கத்தரிக்காய், வெண்டைக்காய், அத்திப்பழம், ஆலிவ், மலையிலிருந்து வரும் தேன் என்று பார்க்கப் பார்க்கக் கை நீளும். நம் ஊர்ச் சந்தையில் நடப்பது போலவே விலை சொல்லிவிட்டு ஒரு கைப்பிடி கூடவும் போடுவார்கள்.

கிர்மிஸி மெர்ஜிமெக் என்று கேட்டால் மசூர் பருப்பு. சிவ்ரி பிபெர் என்பது நீளப் பச்சை மிளகாய், காரம் ஒன்றில் இருக்கும் அடுத்ததில் இருக்காது. தயிர் அருமை, கெட்டியாக இருக்கும், மோர்க்குழம்புக்குத் தண்ணீர் தாராளமாக விடலாம். கறிவேப்பிலை கிடைக்காது, காயவைத்துக் கொண்டு போங்கள், கூடவே பெருங்காயம், சாம்பார்ப் பொடி. புளி கொண்டு போக மறந்த ஒரு நாள் மாதுளையிலிருந்து காய்ச்சும் நார் எக்ஷிசி என்ற கரும் பாகை ஊற்றி ரசம் வைத்தேன், லேசான இனிப்போடு நன்றாகவே இருந்தது, இப்போது லண்டன் வீட்டிலும் ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன். பெரிய பானையும் வடிதட்டும் இருக்கும், குக்கர் இருக்காது, வேண்டுமென்றால் கேளுங்கள்.

வெளியே சாப்பிட்டாலும் சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துப் பரிமாறும் காய்கறி வகைகளை செய்தின்யாலி என்பார்கள், அதில் இறைச்சி சேர்ப்பதில்லை. கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்துக் கல்லில் சுடும் கெஸ்லெமே நம் வீட்டுச் சப்பாத்திக்குச் சொந்தம். பருப்பு சூப் மட்டும் சில இடங்களில் எலும்புச் சாற்றில் வைப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் மலை மேல் இஸ்லாம்லார் கிராமத்துக்குப் போய், ஊற்றுத் தண்ணீரில் வளர்க்கும் டிரவுட் மீனைச் சாப்பிடாமல் வராதீர்கள். கீழே வெயில் கொளுத்தும்போது அங்கே காற்று குளிர்ச்சியாக இருக்கும்.

தண்ணீர், கழிவறை, கரண்ட்?

குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம், கடையில் 5 லிட்டர் பாட்டில் வாங்குங்கள். அதிக நாள் என்றால் 19 லிட்டர் கேன் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். கழிவறையில் காகிதம் போடக் கூடாது என்று பல வீடுகளில் எழுதியிருக்கும், குழாய்கள் சிறியவை. அதற்கு நாம் கவலைப்பட வேண்டியதே இல்லை, துருக்கிக் கழிவறைக் கோப்பைக்குள்ளேயே கழுவுவதற்குத் தண்ணீர்க் குழாய் வைத்திருப்பார்கள், பக்கத்தில் திருகினால் போதும். ஐரோப்பா முழுக்கச் சுற்றிவிட்டு வருகிற நம் ஆட்களுக்கு அது தரும் நிம்மதி பெரிது. சுடுதண்ணீர் மொட்டை மாடி சோலாரிலிருந்து வரும். மின்பிளக் ஐரோப்பிய வட்ட இரட்டைக் கம்பி. கோடையில் அவ்வப்போது கரண்ட் போகும், ஏ.சி. எல்லா அறையிலும் உண்டா, அதன் மின்கட்டணம் வாடகையில் சேர்த்தியா என்று கேளுங்கள்.

ஊருக்குள் மணல் கடற்கரை இல்லை என்றால் கடலில் எப்படிக் குளிப்பது?

துறைமுகத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கூழாங்கல் கடற்கரை ஒன்று இருக்கிறது, ரப்பர் செருப்பு அவசியம். விரிகுடாவைச் சுற்றிப் பாறைகளில் மரத்தளம் போட்ட பீச் கிளப்புகள் உண்டு, ஏணி வழியாக நேரே ஆழத்தில் இறங்க வேண்டும். நிலத்தடி நன்னீர் ஊற்றுகள் கடலுக்குள் கலப்பதால் சில இடங்களில் திடீரென்று தண்ணீர் ஜில்லென்று இருக்கும், பயப்பட வேண்டாம்.

காஷ் போகும் வழியில் கபுதாஷ். இரண்டு பாறைக்கு நடுவே சின்ன மணல் திட்டு, 187 படி இறங்கணும், அதே 187 ஏறணும், அலையும் பலமாக அடிக்கும். மணல் வேண்டும் என்றால் பதாராதான், கிலோமீட்டர் கணக்கில் நீளும் கடற்கரை. கடலாமைகள் முட்டையிடும் இடம் என்பதால் சீசனில் இரவு எட்டு மணி முதல் காலை எட்டு வரை மூடிவிடுவார்கள். கூடுகளுக்கு மேல் கூண்டு வைத்திருப்பார்கள், அதன் பக்கம் குடை நடாதீர்கள், பிள்ளைகளைத் தோண்ட விடாதீர்கள். நாம் ஒரு வாரம் வந்து போகிறோம், அந்த ஆமைகளுக்கு வேறு இடம் இல்லை.

பார்ப்பதற்கு என்ன?

பதாராவிலேயே ஒரு நாள் போகும். லிசியா என்ற பழைய நாட்டின் நகரங்கள் சேர்ந்து பிரதிநிதிகளை அனுப்பிப் பேசிய மன்றக் கட்டடம் அங்கே இருக்கிறது, மணலுக்குள் கிடந்ததைத் தோண்டி எடுத்துச் சீரமைத்திருக்கிறார்கள். அந்தக் கல் இருக்கைகளில் உட்கார்ந்து பார்க்கலாம். கிறிஸ்துமஸ் தாத்தா கதைக்கு மூலமான செயின்ட் நிக்கலஸ் பிறந்த ஊரும் அதுதான் என்பார்கள். கொஞ்சம் தள்ளி க்ஸாந்தோஸ், லெதூன் என்ற லிசிய இடிபாடுகள், 1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. க்ஸாந்தோஸின் சிற்பங்களில் சிறந்தவை 19ஆம் நூற்றாண்டில் பெயர்த்தெடுக்கப்பட்டு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்விட்டன. பதினைந்து வருடமாக அந்த மியூசியத்தில் பார்த்துக்கொண்டிருந்த நெரீட் மண்டபம் என்ற கல்லறைக் கட்டடத்தின் வெற்று மேடையை அந்த மலையில் போய்ப் பார்த்தபோது என்னால் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

இவை போதும். ஒரு நாளைக்கு ஓர் இடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உடம்பு சரியில்லை என்றால்?

அவசரத்துக்கு 112. சின்ன உபாதைக்கு 'எஜ்ஸானே' என்ற மருந்துக்கடை, சிவப்பு ஆங்கில 'E' எழுத்துப் பலகை தெரியும். இரவில் முறை வைத்து ஒரு கடை திறந்திருக்கும், எது என்று மற்ற கடைகளின் கதவில் ஒட்டியிருப்பார்கள். அரசு மருத்துவமனை காஷில். பயணக் காப்பீடு எடுக்காமல் வராதீர்கள்.

மொழி தெரியாமல் சமாளிக்கலாமா?

பிரிட்டனிலிருந்து நிறையப் பேர் வருகிற ஊர், ஆங்கிலம் ஓடும். ஆனாலும் இரண்டு சொல் கற்றுக்கொள்ளுங்கள். வேலை செய்துகொண்டிருப்பவரைப் பார்த்தால் 'கொலாய் கெல்சின்' என்பார்கள், வேலை சுலபமாக முடியட்டும் என்று அர்த்தம். சமைத்தவரிடம் 'எலினிஸே சாலிக்', உங்கள் கைக்கு நலம் உண்டாகட்டும். தெரியாதவரையும் அண்ணன், அக்கா முறை வைத்து 'ஆபி', 'ஆப்லா' என்று கூப்பிடுவது நம்மைப் போலத்தான். குளம் சுத்தம் செய்ய வந்த ஆபியிடம் என் மகன் தினமும் 'கொலாய் கெல்சின்' சொல்லிச் சொல்லி, கடைசி நாள் அவர் தன் தோட்டத்து மாதுளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார்.

கடைசி நாள் காலை பத்து மணிக்கே காலி செய்யச் சொல்கிறார்கள், விமானம் இரவுதான். என்ன செய்வது?

அடுத்த குடும்பம் அன்றே மாலை நான்கு மணிக்கு வரும், நடுவில் வீட்டைச் சுத்தம் செய்தாக வேண்டும், அதனால் கெஞ்சினாலும் நடக்காது. அன்று யாரும் வரவில்லை என்றால் சிலர் மதியம் வரை விடுவார்கள், இரண்டு நாள் முன்பே கேளுங்கள். இல்லையென்றால் பெட்டிகளை ஏஜென்சி அலுவலகத்தில் வைத்துவிட்டு, குளியலறை வசதியுள்ள பீச் கிளப்பில் பகலைக் கழியுங்கள். ஈர நீச்சலுடைக்கு ஒரு தனிப் பிளாஸ்டிக் பை மேலாக வைத்துக்கொள்ளுங்கள். சாவி கொடுக்கும்போதே டெபாசிட்டைக் கையோடு வாங்கிவிடுங்கள்.